ஏற்றாத ரத்தத்துக்கு நன்றி

பிரியமுள்ள முருகேசன் அண்ணனுக்கு,

ஸலாம் அண்ணே. சலீமா எழுதுகிறேன். தெருமுனையில் சைக்கிள் திரும்பும்போதே "வாலேக்கும் சலாம் தங்கச்சி, டீ இருக்கா?" என்று நீங்கள் போடும் சத்தத்தைக் கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தவரை எங்கள் வீட்டுக்குக் காலிங் பெல்லே தேவைப்படவில்லை. இப்போது யார் யாரோ வந்து பெல்லை அடிக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

செத்துப்போனவருக்குக் கடுதாசி எழுதுவாயா என்று என் அக்கா கேட்டாள். இருந்தபோது அந்த மனுஷர் என்னை முழுசாக ஒரு வாக்கியம் பேசவிட்டதில்லை, இப்போதாவது குறுக்கே பேசாமல் கேட்பார் என்று சொன்னேன். பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். ஊரறியப் பேர் வருவது உங்களுக்குப் பிடிக்காதா என்ன?

முதலில் நல்ல சேதி. உங்கள் ஜாபர் நன்றாக இருக்கிறார். கடைக்குப் போகிறார், வருகிறார், குழம்பில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார். உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர், திட்டு வாங்குவது நான். நேற்று கடையில் பெட்டி ஜிப் தகராறில் ஒரு ஆளிடம் அவர் போட்ட சத்தம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தார். மனுஷர் கத்துகிறார் என்று கேள்விப்பட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இனி வருவது உங்களுக்குத் தெரிந்த கதை. படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரும் நீங்களும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவர் சூட்கேஸ் கடை வைத்தார். எங்கள் பக்கத்திலிருந்து துபாய்க்கும் குவைத்துக்கும் போனவர்களில் பாதிப் பேர் எங்கள் கடைப் பெட்டியோடுதான் விமானம் ஏறினார்கள். நீங்கள் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வெல்டர் ஆனீர்கள். சம்பள நாளில் நீங்கள் குடிப்பீர்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே உங்களைத் திட்டுவார். கடைசியில் யாருக்கு ஈரல் கெட்டது? ஒரு சொட்டுத் தொடாத மனுஷருக்கு. என்றைக்கோ ரத்தத்தில் புகுந்த காமாலைக் கிருமி சத்தமில்லாமல் உள்ளேயே குடியிருந்து ஈரலைச் சுருக்கிவிட்டது என்றார்கள்.

"நான் ஊத்துனதெல்லாம் இவன் ஈரல்ல போய்ச் சேந்துருக்கு தங்கச்சி" என்று நீங்கள் சொன்னீர்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் கடையில் யாருக்கோ பெட்டியை உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தார். அன்று பிழைத்தது அல்லாஹ்வின் கருணை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ரத்தம் என்றாலே நடுக்கம். அவர் பல் தேய்த்துத் துப்பினால்கூடக் கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்ப்பேன்.

மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவரின் குடும்பம் கொடுக்க முன்வரவேண்டும். நம் பெயர் வரிசையில் இருக்கும். என்றைக்கு அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் உடனே கிளம்பவேண்டும். ஆபரேஷனில் பெரிய கவலை ரத்தப்போக்குதான் என்றார்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டியதையெல்லாம் தயார்செய்வது ஈரல். அதுவே கெட்டுக் கிடந்தால் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் எப்படி நிற்கும்? போதாக்குறைக்கு இவருடையது பி நெகட்டிவ், லேசில் கிடைக்காத வகை. கொடுக்கக்கூடிய ஆட்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அத்தனை பேரும் பாசிட்டிவ். நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டீர்கள்.

"எனக்கும் பி நெகட்டிவ்தான்மா. ஒர்க்ஷாப்ல கேம்ப் போட்டப்ப சொன்னாங்க. மிச்ச ஆளுங்களப் புடிக்கறது என் வேல. நீ அவனுக்குக் கஞ்சி வச்சுக் குடு."

எப்படித்தான் பிடித்தீர்களோ! பொன்மலையில் உங்களோடு வேலை பார்த்தவர்கள், உறையூரில் ஒரு தறிக்காரர், எங்கள் தெருவில் இரண்டு பேர், பாங்கில் வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்து வரதன் என்று ஏறக்குறைய ஒரு டஜன் பேர். எல்லாருமே நெகட்டிவ் வகை, இவருக்கு ஏற்றக்கூடிய ரத்தம். 'நெகட்டிவ் செட்டு' என்று பெயரும் வைத்தீர்கள். போனில் குரூப் ஆரம்பித்து, தினமும் காலையில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு அவர்கள் உயிரை எடுத்தீர்கள். பேரீச்சம்பழம் தின்றாயா, முருங்கைக்கீரை வதக்கினாயா என்று வெல்டர் ஒருவர் விசாரித்தால் அவர்கள் வீட்டுப் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

குடிக்கத் தடை போட்டீர்களே, அதுதான் பெரிய கூத்து. ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் குடிக்காமல் இருந்தால் போதும் என்று நர்ஸ் சொன்னாள். ஒர்க்ஷாப் தாஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள்தாண்ணே சொன்னாங்க. நீங்க ஏண்ணே மொத்தமா நிறுத்தச் சொல்றீங்க?"

"கூப்பிடற நாள் எதுன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப அதுக்கு முந்தின நாள் எதுன்னு எப்படிடா தெரியும்? எல்லா நாளும் முந்தின நாள்தான். மூடிட்டு மோர் குடி."

எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. உள்ளே படுத்திருந்த இவர், பல நாளைக்குப் பிறகு அன்று வாய்விட்டுச் சிரித்தார். நீங்களும் அன்றோடு நிறுத்தினீர்கள். சம்பள நாள் வந்தது, போனது, நீங்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தீர்கள்.

நோன்பு மாதத்தில் அழைப்பு வந்தால் எங்கள் தெரு ஆட்கள் பின்வரிசை, பொன்மலை ஆட்கள் முன்வரிசை. ஏகாதசியில் வந்தால் வரதன் கடைசி. பட்டினி கிடப்பவரிடம் ரத்தம் எடுக்கக்கூடாது என்று நர்ஸிடம் கேட்டு வந்து, எல்லாருடைய விரதத்தையும் நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தீர்கள். பஞ்சாங்கக்காரர் தோற்றார்.

அப்புறம் சமயபுரம். வருஷம் தவறாமல் மாரியம்மனுக்கு அலகு குத்தி நடந்து போகிறவர் நீங்கள். உடம்பில் ஊசி, வேல் என்று எது குத்தினாலும், பச்சை குத்தினாலும், பல மாதங்களுக்கு ரத்தம் எடுக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் முகம் எப்படிப் போனது உங்களுக்கு! மல்லிகா அண்ணி பதறிப்போனார்கள். சாமி காரியத்தை நிறுத்தலாமா என்று என்னிடம் வந்து கண் கலங்கினார்கள். நான் என்ன சொல்வேன்? என் புருஷனுக்காக உங்கள் சாமியை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

"ஆத்தாகிட்ட நானே பேசிட்டேன். இந்த வருஷம் பால்குடம், அடுத்த வருஷம் அலகுன்னு. அவளுக்குத் தெரியாதா?" என்று முடித்துவிட்டீர்கள். சொன்னபடியே பால்குடம் எடுத்தீர்கள். அடுத்த வருஷம் அலகும் குத்தினீர்கள். அந்தக் கணக்கு நேராகிவிட்டது என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான், ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டரம்மா நம்மை வரச் சொன்னார். ஈரல் கெட்டதில் இவருக்கு அப்போது நினைவும் தடுமாறிக்கொண்டிருந்தது. சில நாள் என்னையே அடையாளம் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லவேண்டியவள் நான். துணைக்கு நீங்கள் வந்தீர்கள். டாக்டரம்மா ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறவர்.

"புது ஈரலுக்கு ரத்த ஓட்டத்தத் தொறந்துவிடற சமயத்துல, ஒறைஞ்சு நின்ன ரத்தம் திரும்பக் கரைய ஆரம்பிச்சுடறது உண்டுங்க. ஒறைஞ்ச தயிரு மறுபடி பாலா ஓடுனா எப்படி? அப்படி. அது நடக்குதான்னு மெஷின் வச்சுப் பாத்துகிட்டே இருப்போம். நடந்தா, கரைய விடாம நிறுத்த ஒரு மருந்து போடுவோம். டிரானெக்சாமிக் ஆசிட்."

நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டீர்கள். "ஆசிடா? என்னங்க டாக்டர், இரும்புல துரு எடுக்க நாங்க ஊத்தறத மனுஷனுக்கு ஊத்தறேங்கறீங்க?"

"பேருதாங்க ஆசிட். புளிலயும்தான் ஆசிட் இருக்கு, ரசம் வச்சுக் குடிக்கறோம்ல?" என்று அவர் சிரித்தார். எனக்கோ அந்தப் பெயரை எங்கோ பார்த்த ஞாபகம். கொஞ்ச நேரத்தில் பொறி தட்டியது. மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகும்போது எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையில் இருந்த பெயர். நான் பல வருஷம் விழுங்கிய மருந்துதான், இங்கே ஊசியாகப் போடுகிறார்கள். ஆனால் அதை உங்களை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா தொடர்ந்தார். "இதுல ஒரு அபாயமும் இருக்கு, சொல்லிடறேன். கரைய விடாம பண்றதால, வேண்டாத எடத்துல ரத்தம் கட்டிக்க வாய்ப்பு உண்டு. புது ஈரலுக்குப் போற குழாய்ல கட்டிகிச்சுன்னா ஈரலே வீணாயிடும். அதனால எடுத்தவுடனே போட மாட்டோம். தேவைன்னு மெஷின் காட்டுனா மட்டும்தான்."

"அப்ப அந்த வம்பே எதுக்குங்க?" என்றீர்கள். "இத்தன பேரு ரெடியா இருக்கோம். போறது போகட்டும், நீங்க ஏத்திகிட்டே இருங்க. கொறையக் கொறைய நாங்க குடுக்கறோம்."

"அடுத்தவங்க ரத்தம் ஏத்தறதும் லேசுப்பட்ட விஷயம் இல்லீங்க. நெறைய ஏத்துனா நுரையீரல் கெடும், நோய் தொத்தும், புதுசா வச்ச ஈரலுக்கும் நல்லதில்ல. எவ்வளவு கம்மியா ஏத்தறமோ அவ்வளவு நல்லது."

அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன் அண்ணே. கையில் வைத்திருந்ததை யாரோ தட்டிவிட்டதுபோல இருந்தது. "எங்க ரத்தம் என்ன கெட்ட ரத்தங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். டாக்டரம்மா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் வெளியே போய்விட்டீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமலே சொன்னீர்கள். "அந்த மருந்து வேணாம்னு சொல்லிடு தங்கச்சி. எங்கள நம்பு."

நான் என்ன செய்வது? மருந்து போடாவிட்டால் ரத்தம் நிற்காமல் இவர் போய்விடலாம். போட்டால் நிற்கக்கூடாத இடத்தில் நின்று போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில், மாதக்கணக்கில் வாயைக் கட்டி, சாமியிடம் தவணை கேட்டு, எனக்காக நிற்கிற ஒரு அண்ணன். உங்களை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? தொழுகையில் உட்கார்ந்தால் ஓதுவது பாதியில் மறந்துபோயிற்று.

கடைசியில் மல்லிகா அண்ணியிடம் போய்க் கொட்டினேன். மருந்தின் பெயரைச் சொன்னதும் அண்ணி அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்கள். அவர்களும் அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அடுப்படியில் நின்று சிரித்தோம். "வரட்டும், ஒங்க அண்ணனுக்கு இந்த ஆசிட்டக் காட்டறேன்" என்றார்கள்.

நாலைந்து நாள் நீங்கள் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் ஷிப்ட் முடிந்து அதே அழுக்குச் சட்டையோடு வந்தீர்கள். சைக்கிளை விட்டு இறங்கவில்லை, டீயும் கேட்கவில்லை.

"டாக்டரம்மா என்ன சொல்றாங்களோ அதுக்குக் கையெழுத்துப் போட்டுரும்மா. நான் பஸ்ல சொன்னத மனசுல வச்சுக்காத."

"ஏண்ணே, என்னாச்சு?"

"சொன்னா போடேன்."

அவ்வளவுதான், மிதித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அண்ணி காட்டிய மாத்திரை அட்டை வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அழைப்பு ஒரு காலை வேளையில் வந்தது. இவர் பாதி முகம் ஷேவ் செய்திருந்தார், மீதி முகம் சோப்பு. அப்படியே ஆட்டோவில் ஏற்றினேன். யாரோ ஒரு குடும்பம் தன் பிள்ளையையோ புருஷனையோ இழந்து, அழுகையோடு அழுகையாக எங்களுக்குச் சம்மதம் சொல்லியிருந்தது. அவர்கள் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயர் தெரியாமலே ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் உங்கள் செட்டு வரத் தொடங்கிவிட்டது. பாதிப் பேர் ஒர்க்ஷாப் உடுப்போடு. அன்று பார்த்து ஏகாதசி. வரதன் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பசியோடு வந்து நின்றார். நீங்கள் அவரைத் திரும்பிப் போகச் சொன்னீர்கள்.

"அண்ணா, பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அந்த வாழைப்பழத்தை இப்படிக் குடுங்கோ" என்று வாங்கி, இரண்டு பழத்தை நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிட்டார்.

நான் கையெழுத்துப் போட்டேன். மருந்து, ரத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நான் தஸ்பீஹ் மணி உருட்டினேன், நீங்கள் நடந்துகொண்டே இருந்தீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உங்கள் ஆட்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, மறுபடி உட்கார்ந்தார்கள். மாலையாகும்போது டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டத்தத் தொறந்ததும் பயந்த மாதிரியே கரைய ஆரம்பிச்சுச்சு. மருந்து போட்டோம். புடிச்சு நின்னுடுச்சு. நாங்க எடுத்து வச்சிருந்த ரத்தத்துலயே கொஞ்சம்தான் செலவாச்சு. இவங்க யாரும் குடுக்க வேண்டியதில்லீங்க."

எங்கே மறுபடி உங்கள் முகம் வாடிவிடுமோ என்று பயந்தேன். நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தொடையைத் தட்டிக்கொண்டு, "ஒருத்தன் ரத்தமும் வேண்டாமாம்டா! ஒருத்தன் ரத்தமும் வேண்டாமாம்!" என்று கத்தினீர்கள். செக்யூரிட்டி ஓடிவந்தார். உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"உபவாசமும் போச்சு, ரத்தமும் எடுத்துக்கலை. பெருமாளுக்கு என்னத்தைச் சொல்வேன்?" என்று வரதன் புலம்ப, "அப்ப இன்னிக்கி நான்..." என்று தாஸ் ஆரம்பிக்க, "இன்னும் அவன் கண்ணே முழிக்கலடா" என்று நீங்கள் முறைத்தீர்கள். வந்தவர்களில் ஓரிருவரிடம் மட்டும் பிளட் பாங்கில் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். நெகட்டிவ் ரத்தம் வீணாகக்கூடாது, மற்றவர்கள் தேவைப்படும்போது வாருங்கள் என்றார்கள். இவருக்குச் செலவான அந்தக் கொஞ்ச ரத்தமும் இப்படி என்றைக்கோ வந்து கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருவருடையதுதானே?

அதோடு பயம் தீரவில்லை. புதுக் குழாயில் எங்காவது கட்டியிருக்கிறதா என்று தினமும் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று நான் போனில் சொல்லும்வரை நீங்கள் ஷிப்டுக்குள் போகவில்லை என்று அண்ணி பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அண்ணன் அன்னிக்கிக் கோவிச்சுட்டுப் போனாருல்ல? நாலு நாள் கழிச்சு ஒத்தையா வந்தாருங்க. எல்லாப் பேஷண்டும் போற வரைக்கும் வெளிய உக்காந்திருந்தாரு. உள்ள வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு" என்றார்.

நீங்கள் கேட்டது இதுதானாமே: "எங்க ரத்தம் உள்ள போனா எங்காளு பொழைக்க வாய்ப்பு ஜாஸ்தியா, போகாம முடிஞ்சா ஜாஸ்தியா? நேராச் சொல்லுங்க."

போகாமல் முடிந்தால்தான் ஜாஸ்தி என்று அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள், "அப்ப போகக்கூடாதுன்னே வேண்டிக்கறேன். ஆனா ஆளுங்களக் கலைக்க மாட்டேன், ரெடியா இருப்பாங்க. அவனுங்ககிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க, தளந்துருவானுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வாரம் தினமும் காலையில் பேரீச்சம்பழம் தின்றாயா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே அண்ணே! வேண்டாம் என்று ஆகிவிடவேண்டும் என்று மனசில் வேண்டிக்கொண்டே ஒரு பொருளை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்க யாரால் முடியும்? கொடுக்க முன்வந்ததற்காக உங்களுக்கு நன்றி சொல்லப் பலபேர் இருக்கிறார்கள். நான் அந்த நாலு நாளுக்காக நன்றி சொல்கிறேன். உங்கள் ரோஷத்தை நீங்களே மிதித்துவிட்டு, இவர் உயிர்தான் பெரிது என்று வந்து என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீர்களே, அதற்காக. நேரில் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் டீயைக் கேட்டு அடக்கிவிட்டீர்கள். இப்போது முடிந்தால் அடக்குங்கள் பார்ப்போம்.

நீங்கள் போன விதத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் நெஞ்சைப் பிடித்தீர்கள். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு அதன்மேலேயே சாய்ந்தீர்கள் என்று தாஸ் சொன்னார். ஆஸ்பத்திரியில், இதயத்துக்குப் போகிற குழாயில் ரத்தம் கட்டிக்கொண்டது என்றார்கள். எனக்குக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் உறையவில்லையே என்று இவருக்காகத் தவித்தோம். உறைந்துவிடுமோ என்று தினமும் ஸ்கேன் பார்த்தோம். கட்டக்கூடாத அந்த ரத்தம் உங்களுக்கா போய்க் கட்டவேண்டும்? இது என்ன நியாயம் என்று யாரிடம் கேட்பது? மருந்து கண்டுபிடித்தவர்கள் ஒரு பக்கம்தான் பார்த்தார்களா என்றுகூடக் கோபம் வந்தது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

இவர் அழவே இல்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு உங்கள் வாசலில் ஓரமாக நின்றார். கூட்டத்தில் போகக்கூடாது என்று நான் இழுத்தும் வரவில்லை. வீட்டுக்கு வந்தபின் சாப்பிட்டார், கடைக்குப் போனார். நான் தேறிவிட்டார் என்று நினைத்தேன்.

ரத்தப் பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஈரல் கோளாறு காட்டியது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டர் என்னைக் கேட்டார். மாற்று ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க வேளை தவறாமல் போடவேண்டிய மாத்திரை, அண்ணே. கடைக்குக் கொண்டுபோய் அங்கே போட்டுக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் போய்த் தேடினேன். விற்காமல் கிடந்த ஒரு பெட்டிக்குள் அத்தனை மாத்திரையும் கிடந்தது.

கத்தினேன், கெஞ்சினேன், பிள்ளைகள் பெயரைச் சொன்னேன். "அவனே போயிட்டான். எனக்கு எதுக்கு சலீமா இது?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இவ்வளவும் செய்து காப்பாற்றியது இப்படி என் கண்முன்னால் போகப்போகிறதா என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. மல்லிகா அண்ணிக்குப் போன் போட்டுவிட்டுப் பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். உங்களுக்குக் காரியம் முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நிலைமையில் இருக்கிறவரிடமா என் புருஷனைப் பற்றிப் புலம்புவது?

அண்ணி போனை வைத்தார்கள். மகனோடு பைக்கில் வந்து இறங்கினார்கள். காரியம் முடிந்த கையோடு பிறத்தியார் வீட்டுப் படி ஏறலாமா என்று கூட இருந்தவர்கள் தடுத்தார்களாம். அது பிறத்தியார் வீடு இல்லை என்று சொல்லிவிட்டு வந்ததாக மகன் சொன்னான். நேராக உள்ளே வந்து, இவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்கள். மாத்திரையை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"பாய், அவரு உங்களுக்காகச் சம்பளத்தன்னிக்கிக்கூட வாயக் கட்டிகிட்டு இருந்தாரு. சாமிக்குக் குத்தற அலக நிறுத்துனாரு. எல்லாம் கடைசில வேண்டாம்னு ஆயிடுச்சு. அதுக்கு அவரு வருத்தப்பட்டாரா? வீட்டுக்கு வந்து என்னத் தூக்கிச் சுத்துனாரு, இந்த வயசுல. அவரு குடுக்கணும்னு வச்சிருந்தது எதையும் நீங்க வாங்கிக்கல. இத ஒண்ண வாங்கிக்கங்க."

கையை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். இவர் அண்ணியின் கையைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். அப்புறம் அழுதார் அண்ணே. நீங்கள் போனதிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார். அழுதுகொண்டே வாங்கி விழுங்கினார். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தேன், கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் மாத்திரை வேளைக்கு அண்ணி போன் செய்கிறார்கள். ஒரே கேள்விதான், "முழுங்கிட்டாரா?" என்று. நானும் ஒரே பதில்தான் சொல்கிறேன், "முழுங்கிட்டாரு அண்ணி." அதற்குப் பிறகுதான் அன்றைய சமையல், மகனுக்கு வேலை, தாஸ் மறுபடி ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி என்று மற்றப் பேச்செல்லாம். இப்போது பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாரியம்மனைக் கும்பிட்ட உங்களுக்காக எப்படி துஆ கேட்பது என்று யாரிடமும் போய் விளக்கம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். என் உயிர் இருக்கும்வரை, அண்ணி போன் செய்து கேட்கும்போது ஒரு வேளைகூட 'இல்லை' என்று நான் சொல்லும்படி ஆகவிடமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவளாகவே இருக்கும்
தங்கச்சி சலீமா